விண்கலப் படையணி அமைப்பும் பொம்மசந்திரா ஷிப்ட் முறையும்: ஓர் ஒப்பாய்வு

1. பொருளும் களமும்

ஐஸ்லாந்துத் தலைநகர் ரேக்யவிக்கில் இயங்கும் சிசிபி நிறுவனம் உருவாக்கி, 2003 மே மாதம் வெளிவந்த ‘ஈவ் ஆன்லைன்’ ஒரு விண்வெளிப் போர் விளையாட்டு. சீனாவுக்கு மட்டும் தனி சர்வர் உண்டு. மற்ற உலகம் முழுவதும் லண்டனில் உள்ள ஒரே சர்வரில், ஒரே வானத்தின் கீழ் ஆடுகிறது. இதில் அழிந்த கப்பல் திரும்பி வராது. அதில் பூட்டியிருந்த கருவிகளில் ஏறத்தாழ பாதி கப்பலோடு வெடித்துப் போகும். மீதியை அள்ளிக்கொள்ள அங்கேயே ஆள் காத்திருக்கும். இந்த ஒரே விதியால், எந்தக் கப்பலில் எதைப் பூட்டுவது என்ற கேள்வி பாகப்பிரிவினை வழக்குக்குரிய தீவிரத்தை அடைந்துள்ளது.

ஒரு கப்பலில் பூட்டப்பட்ட கருவிகளின் தொகுப்பு ‘ஃபிட்’ எனப்படும். பல கப்பல்கள் ஒரே தலைவரின் சொல்லுக்குக் கட்டுப்பட்டு நகர்வது, அல்லது நகர்வதாக எதிர்பார்க்கப்படுவது, ‘ஃப்ளீட்’ எனப்படும்.

ஆய்வுக் களமாகப் பொம்மசந்திரா கொள்ளப்படுகிறது. பெங்களூருவின் தெற்கே, எலக்ட்ரானிக் சிட்டியைக் கடந்து ஓசூர் சாலையில் அமைந்த தொழிற்பேட்டை இது. எல்லை தாண்டினால் ஓசூர் என்பதால் இங்கே தமிழ் புழங்குவதற்குத் தனிச் சான்று தேவையில்லை. காலை 6 முதல் 2, பிற்பகல் 2 முதல் இரவு 10, இரவு 10 முதல் காலை 6 என மூன்று ஷிப்ட்டும், ‘த்ரீ ஷேரிங்’ பிஜி விடுதி அறையும் சேரும் இடம் இந்த ஆய்வுக்கு மிகவும் ஏற்றது. மூன்று கட்டிலில் மூன்று ஷிப்ட்காரர்கள் தங்கி, மூவரும் ஈவ் ஆடும் ஓர் அறை இங்கே மாதிரியாகக் கற்பித்துக்கொள்ளப்படுகிறது.

2. ஃபிட்டின் இலக்கணம்

கப்பலில் மேல், நடு, கீழ் என மூன்று வரிசைத் துளைகள் உண்டு. மேல் வரிசையில் பீரங்கியும் ஏவுகணையும். நடு வரிசையில் கேடயம், வேகக் கருவி, எதிரியைப் பிடித்து நிறுத்தும் கருவி. கீழ் வரிசையில் கவசத் தகடு, சேதத்தைக் கூட்டும் கருவி. துளை காலியாக இருந்தாலும் நினைத்ததையெல்லாம் பூட்ட முடியாது. ஒவ்வொரு கருவியும் கப்பலின் கணிப்பு ஆற்றலிலும் மின் ஆற்றலிலும் ஒரு பங்கு கேட்கும். எட்டுக் கருவி பொருந்தி ஒன்பதாவதற்கு ஒரு சதவீதம் இடிக்கும் நிலையே ஃபிட் கலையின் பிறப்பிடம். இந்த ஒரு சதவீதத்தைத் தேடுவதற்கென்றே ‘பைஃபா’ என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. அதில் கப்பலே இல்லாமல் கப்பலைப் பூட்டிப் பார்க்கலாம். பலர் அந்த நிலையிலேயே மனநிறைவு அடைந்துவிடுகின்றனர்.

ஒரே வகைத் தடுப்புக் கருவியை அடுக்கிக்கொண்டே போவோருக்குத் தண்டனை உண்டு. இரண்டாவது கருவி ஏறத்தாழ 87 சதவீதப் பலனும், மூன்றாவது 57 சதவீதமும், நான்காவது 28 சதவீதமும் மட்டுமே தரும். நான்காவதை அறிந்தே பூட்டுவோரைத் தடுக்கும் கருவி இன்னும் வரவில்லை.

3. இரு கலைகள்

ஃபிட் உலகம் கேடயக் கலை, கவசக் கலை என்று இரண்டாகப் பிரிந்து, வடகலை தென்கலைக்குச் சற்றும் குறையாத உறுதியோடு நிற்கிறது.

கேடயக் கலையார் நடு வரிசையைக் கேடயத்துக்குக் கொடுத்துவிட்டு, கீழ் வரிசையில் சேதக் கருவிகளை நிரப்புவர். அதனால் அடி பலம், கப்பலும் வேகம். ஆனால் கேடயம் பெருகப் பெருக எதிரியின் குறிக்குக் கப்பல் பெரிதாகத் தெரியும். கவசக் கலையார் கீழ் வரிசையில் தகடுகளை அடுக்குவர். கப்பல் கனத்து மெதுவாகும். ஆனால் நடு வரிசை ஒழிந்திருப்பதால் எதிரியை ஓடவிடாமல் பிடிக்கக் கருவிகள் கிடைக்கும். முதற்கலையார் துரத்திப் பிடிப்பர், பிடித்தவரை நிறுத்த வழியிராது. மற்றவர் நிறுத்தி வைப்பர், பிடிக்கப் போய்ச் சேர நேரமாகும்.

பழுதுபார்க்கும் கப்பல்களிலும் இந்தப் பிளவு தொடர்கிறது. கேடயத்துக்கு அனுப்பும் உதவி சுற்றின் தொடக்கத்திலேயே சேர்ந்துவிடும். கவசத்துக்கு அனுப்புவது சுற்றின் முடிவில்தான் சேரும். இடைப்பட்ட சில விநாடிகளில் இறந்தவர்கள் கவசக் கலையின் தியாகிகள்.

இரண்டையும் ஒரே கப்பலில் பாதிப் பாதி பூட்டுவது பெரும்பாவம். கப்பல் வெடித்தவுடன் அதில் பூட்டியிருந்த அத்தனையும் பட்டியலாக வெளியாகும் என்பதால் இந்தப் பாவத்தை மறைக்கவும் இயலாது.

4. ஃப்ளீட்டின் இலக்கணம்

ஒரு ஃப்ளீட்டில் அதிகபட்சம் 256 பேர். இதில் தனிக் கப்பலின் சிறப்புக்கு மதிப்புக் குறைவு. எல்லாரும் ஒரே ஃபிட்டில் வருவதே சிறப்பு. காரணம் எளிது. எதிரிக் கப்பல் ஒன்றைத் தலைவர் ‘பிரைமரி’ என அறிவித்ததும் அனைவரும் அதையே சுட வேண்டும். எதிரணியின் பழுதுக் கப்பல்கள் விழித்துக்கொள்ளுமுன் ஒரே வீச்சில் அது வீழ்ந்தால்தான் பயன். பெரும்பீரங்கி பூட்டிய ‘மேல்ஸ்ட்ராம்’ கப்பல்களைக் கூட்டமாக நிறுத்தும் முறை இந்தக் கணக்கில் பிறந்தது. இருபது பேர் இருபது வகை ஃபிட்டில் வந்தால் அதற்கு ஃப்ளீட் என்று பெயரில்லை. கண்காட்சி என்று பெயர்.

அந்த ஒரே ஃபிட் எது என்ற வாதத்தின் நீளத்தை அளக்க நிலையான அலகு தேவை. 2025 ஆகஸ்ட் மாதம் திறந்த நம்ம மெட்ரோ மஞ்சள் தடம் ஆர்.வி. ரோட்டிலிருந்து பொம்மசந்திரா வரை 19.15 கி.மீ., 16 நிலையங்கள். முதல் நிலையத்தில் தொடங்கிய கேடய-கவச வாதம் கடைசி நிலையம் வரை முடியாதது இயல்பு. முடிந்துவிட்டால் அது வாதமாகாது, தகவல் பரிமாற்றம்.

5. வருகைப் பதிவின் இன்றியமையாமை

மேற்கண்ட இலக்கணம் அனைத்தும் ஆட்கள் வந்து சேர்ந்தார்கள் என்ற ஊகத்தின் மேல் நிற்கிறது. அந்த ஊகத்தைப் பொம்மசந்திரா சோதிக்கிறது.

முதல் ஷிப்ட்காரர் பிற்பகல் அறைக்கு வந்து அமரும் மூன்றரை மணி, ஆஸ்திரேலியாவின் கிழக்குக் கரையில் இரவு உணவு முடியும் நேரம். அவருடைய ஃப்ளீட் ஆஸ்திரேலியர்களுடையது. ஒரு மணி நேரத்தில் ஆட்டம் சூடுபிடிக்கும். அப்போது சர்வர் அன்றாடப் பராமரிப்புக்காக நிற்கும். பன்னாட்டு நேரம் பகல் 11 என்பது இங்கே மாலை 4.30. இரண்டாம் ஷிப்ட்காரர் இரவு பத்தரைக்கு வந்து, குளித்துச் சாப்பிட்டு அமர்ந்தால் ஐரோப்பா முழுவதும் விழித்திருக்கும். மூன்றாம் ஷிப்ட்காரர் காலை ஆறரைக்கு வரும்போது அமெரிக்கக் கிழக்குக் கரையில் இரவு எட்டும் ஒன்பதும். ஆகவே ஓர் அறையின் மூன்று கட்டில்கள் மூன்று கண்டங்களின் படைகளுக்கு ஆள் அனுப்புகின்றன. அவை ஒன்றையொன்று சுடும் படைகளாகவும் இருக்கலாம். ஷிப்ட் வாரம்தோறும் மாறினால் ஒருவரே ஒரு மாதத்துக்குள் மூன்று கண்டங்களுக்கும் விசுவாசமாக இருக்க நேரும்.

லண்டன் தொலைவு என்பதால் இணையம் தாமதிக்குமே என்ற ஐயம் எழலாம். ஈவ் சர்வர் விநாடிக்கு ஒருமுறைதான் கணக்குப் பார்க்கிறது. பெரும்போர்களில் நெரிசல் கூடினால் ஆட்டத்தின் காலமே பத்தில் ஒரு பங்காக மெதுவாக்கப்படுகிறது. ஓசூர் சாலையில் பழகியவருக்கு இந்த வேகம் புதிதன்று.

உண்மையான இடர் வேறு. விளையாட்டில் மின்காந்தம், வெப்பம், மோதல், வெடிப்பு எனச் சேதவகை நான்கு. ஒவ்வொன்றுக்கும் தடுப்புக் கருவி உண்டு. ஐந்தாவது சேதவகை கரண்ட் போவது. சண்டை நடுவே தொடர்பு அறுந்த கப்பல் மறையாது. பதினைந்து நிமிடம் ஆளில்லாமல் விண்வெளியிலேயே நிற்கும். இதற்கெதிரான கருவி எந்த வரிசைத் துளையிலும் பொருந்தாது. பிஜி உரிமையாளர் வாங்கி வைக்க வேண்டும்.

6. சான்றுப் போர்

2014 ஜனவரி 27 அன்று பி-ஆர்5ஆர்பி என்ற விண்மண்டலத்தில் மூண்ட போர் 21 மணி நேரம் நீடித்தது. ஏழாயிரத்துக்கும் மேற்பட்டோர் பங்கேற்றனர். ‘டைட்டன்’ என்னும் மாபெரும் கப்பல்கள் 75 அழிந்தன. ஒரு தரப்பு 59, மறு தரப்பு 16. இழப்பின் மதிப்பு ஏறத்தாழ மூன்று லட்சம் டாலர் எனக் கணக்கிடப்பட்டது. போருக்கு மூலகாரணம் ஃபிட் அன்று. அந்த மண்டலத்தின் உரிமைக்காகக் கட்ட வேண்டிய தொகை உரிய நாளில் கட்டப்படாமல் போனதே. அத்தனை டைட்டன்களின் அத்தனை துளைகளிலும் விலையுயர்ந்த கருவிகள் இருந்தன. வாடகைத் தேதியை நினைவூட்டும் ஆள்தான் இல்லை.

போர் நெடுநேரம் நடந்ததால், உலகின் ஒவ்வொரு கண்டமும் விழிக்க விழிக்க ஆட்கள் வந்துகொண்டேயிருந்தனர். அன்று தேவைப்பட்டது சிறந்த ஃபிட்டைவிட, ஒருவர் தூங்கப் போனதும் அந்த இடத்தில் அமர அடுத்தவர். பொம்மசந்திரா தொழிற்சாலைகள் இதை ஷிப்ட் என்று அழைக்கின்றன.

7. முடிபு

தன்னளவில் சிறந்த ஃபிட் என்று ஒன்று இல்லை. ஃப்ளீட்டுக்குப் பொருந்தும் ஃபிட், பொருந்தாத ஃபிட் என்று மட்டுமே உண்டு. தன்னளவில் சிறந்த ஃப்ளீட்டும் இல்லை; ஆள் வந்த ஃப்ளீட், வராத ஃப்ளீட் என்று மட்டுமே உண்டு. விலை குறைந்த கப்பலில் குறித்த நேரத்துக்கு வரும் பத்துப் பேர், விலையுயர்ந்த கப்பலை வைத்துக்கொண்டு இரண்டாம் ஷிப்ட்டில் நிற்கும் ஒருவரை எப்போதும் வெல்வர். ஆகவே ஃபிட்களை ஒப்பிட முனைவோர் முதலில் ஷிப்ட் அட்டவணைகளை ஒப்பிட்டுக்கொள்வது நல்லது; பிஜி வாடகையையும் தேதி தவறாமல் கட்டிவிட வேண்டும்.