தகுதியுள்ள விவசாயி ஆவது எப்படி?

விவசாயம் செய்வது வேறு, விவசாயி ஆவது வேறு. மானியம் கேட்கப் புறப்படுகிறவர்கள் முதலில் இதை மனதில் வாங்கிக்கொள்ள வேண்டும். விவசாயம் செய்ய நிலமும் நீரும் விதையும் கொஞ்சம் முதுகெலும்பும் போதும். விவசாயி ஆக சிட்டா வேண்டும், நடப்புப் பசலிக்கான அடங்கல் வேண்டும், புலப்பட நகல் வேண்டும், சிறு குறு விவசாயி சான்று வேண்டும், ஆதாரும் அதோடு இணைத்த கைபேசி எண்ணும் வேண்டும், வங்கிப் புத்தகமும் ரேஷன் கார்டும் போட்டோவும் வேண்டும். சொட்டுநீர்ப் பாசனம் என்றால் மண்ணுக்கும் தண்ணீருக்கும் பரிசோதனை அறிக்கை வேண்டும். இத்தனையும் சேர்த்து முடிப்பதற்குள் நாற்றங்கால் முற்றிப்போய்விடும். போகட்டும், நாற்று படிவத்தில் ஒட்டவேண்டிய பொருளல்ல.

தயாரிப்பைப் பட்டாவிலிருந்து தொடங்குங்கள். உங்கள் தாத்தா இறந்துவிட்டாரா? உங்களுக்குத் தெரியும், பாடை தூக்கியதே நீங்கள்தான். ஆனால் பட்டாவில் அவர் சௌக்கியமாக இருக்கிறார். அவரை அங்கேயும் சாகடிக்க வேண்டும். அதற்கு இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, பிறகு அப்பாவுக்கும் அதே இரண்டு, சித்தப்பாமார் அத்தைமார் எல்லோருடைய கையெழுத்தும். அத்தை ஒருத்தி திருப்பூரில் இருப்பார், சித்தப்பா ஒருவர் பேச்சுவார்த்தை இல்லாமல் இருப்பார். கூட்டுப் பட்டாவாக இருந்துவிட்டால் உட்பிரிவு செய்ய சர்வேயர் வரவேண்டும். சர்வேயர் வருவார். எப்போது என்று கேட்பது மரியாதையில்லை.

பட்டா தாத்தா பெயரிலாவது இருந்தால் நீங்கள் பாக்கியசாலி. 1979-ல் தொடங்கி 1987 வரை நடந்த நில உடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டத்தில், ஊர்க்காரர்கள் யு.டி.ஆர். என்று சொல்வார்களே அதில், யாரோ ஓர் எழுத்தர் சர்வே எண்ணை மாற்றி எழுதியிருப்பார். அவர் பணி ஓய்வு பெற்று, பென்ஷன் வாங்கி, கண்ணையும் மூடியிருப்பார். அவர் பேனா சறுக்கியதற்கு இன்றைக்கு நீங்கள் மனு எழுதிக்கொண்டிருக்கிறீர்கள். தவறு செய்தது அரசாங்கம், திருத்தச் சொல்லிக் கெஞ்ச வேண்டியது நீங்கள், கெஞ்சுவதற்குக் கட்டணமும் உங்களுடையது. இந்த ஏற்பாட்டுக்கு நிர்வாகம் என்று பெயர்.

அடுத்து உங்கள் பெயர். ஆதாரில் ஆங்கிலத்தில் ஒரு கருப்பையா, சிட்டாவில் தகப்பன் பெயரோடு ஒரு கருப்பையா, வங்கிப் புத்தகத்தில் இனிஷியல் பின்னால் போன ஒரு கருப்பையா. மூன்று கருப்பையாக்களும் ஒரே ஆள்தான் என்று கணினி நம்பவேண்டும். உங்களைப் பிறந்ததிலிருந்து பார்த்து வரும் தலையாரி சொன்னால் அது நம்பாது. கைரேகை வைத்துப் பாருங்கள், அதையும் நம்பாது. அரிவாளும் மண்வெட்டியும் பிடித்து ரேகை தேய்ந்துபோயிருக்கும். வயலில் பாடுபட்டதற்கான ஒரே உண்மையான அத்தாட்சி அந்தத் தேய்ந்த விரல்தான். இயந்திரம் அதைப் பார்த்துத்தான் சிவப்பு விளக்கு காட்டுகிறது.

அடங்கலைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். எந்தப் புலத்தில் என்ன பயிர் என்று கிராம நிர்வாக அலுவலர் நேரில் பார்த்து எழுதவேண்டிய பதிவேடு அது. வரப்பில் கால் வைக்காமலும் எழுதலாம் என்ற கண்டுபிடிப்பு நிகழ்ந்து வெகுகாலம் ஆகிறது. 2024-ல் அதே கணக்கைக் கைபேசியில் ஏற்ற வேண்டும் என்றபோது, இது எங்கள் வேலையில்லை என்று கிராம நிர்வாக அலுவலர்கள் ஒதுங்கினார்கள். அரசு என்ன செய்தது தெரியுமா? வேளாண் கல்லூரி மாணவர்களைப் பாடத்திலிருந்து கிளப்பிச் சேற்றில் இறக்கியது. மறு வருடமே விவசாயிகளுக்கான தனித்துவ அடையாள எண் வந்தது. இதை எடுக்காவிட்டால் பிரதமரின் விவசாயி உதவித்தொகைத் தவணை வராது என்று பயமுறுத்தினார்கள். கடைசித் தேதி வந்தது, தள்ளிப்போனது, மறுபடி வந்தது. ஆதார் ஓர் எண், குடும்ப அட்டை ஓர் எண், பட்டா ஓர் எண், இப்போது விவசாயி என்பதற்குத் தனியாக ஓர் எண். எல்லாம் எதற்கு? வருடத்துக்கு 6,000 ரூபாய்க்கு. நாள் கணக்கில் பிரித்தால் பதினாறு ரூபாய் சொச்சம்.

அந்த 6,000 ரூபாய்த் திட்டம் பிறந்த கதையையும் கேளுங்கள். 2019 பிப்ரவரி 24, கோரக்பூர். மக்களவைத் தேர்தல் அறிவிப்புக்குச் சரியாக இரண்டு வாரம் இருந்தது. பிரதமர் பொத்தானை அழுத்தினார், ஒரு கோடிக்கும் மேற்பட்டவர்களின் கணக்கில் தலா 2,000 ரூபாய் விழுந்தது. திட்டம் முந்திய டிசம்பரிலிருந்தே நடப்பதாகப் பின்தேதி போட்டுக்கொண்டார்கள். அந்த முதல் தவணைக்கு ஆதார்கூடக் கட்டாயமில்லை. ரேகை, முகம், நில இணைப்பு என்று ஒரு வம்பும் இல்லை. ஓட்டுப் பெட்டி பக்கத்தில் இருந்தால் அரசாங்கத்துக்குக் கண் எவ்வளவு துல்லியமாகத் தெரிகிறது பாருங்கள்! தேர்தல் முடிந்ததும் பார்வை மங்கிவிட்டது. அதற்குப் பிறகுதான் ஒவ்வொரு கண்ணாடியாகக் கேட்க ஆரம்பித்தார்கள். 6,000 ரூபாய் மட்டும் அன்று தொட்டு ஒரே இடத்தில் நிற்கிறது. உரம், டீசல், கூலி எதற்கும் அந்தப் பொறுமை இல்லை.

இவ்வளவு காவல் இருந்தால் திருட்டு நடக்காது என்றுதானே நினைப்பீர்கள்? 2020-ல் தமிழ்நாட்டில் இந்தத் திட்டத்துக்குள் நுழைந்த தகுதியில்லாதவர்கள் 5 லட்சத்துக்கும் மேல். போன பணம் ஏறத்தாழ 110 கோடி ரூபாய். கள்ளக்குறிச்சி, விழுப்புரம், கடலூர் என்று மாவட்டம் மாவட்டமாக வெடித்தது. அலுவலகத்துக் கடவுச்சொல் வெளியே போயிருந்தது, கணினி மையங்களில் உட்கார்ந்து நிலமே இல்லாதவர்களை விவசாயிகளாகப் பதிந்து தள்ளியிருக்கிறார்கள். தன்னை விவசாயி என்றே மேடைதோறும் அறிமுகப்படுத்திக்கொண்ட முதலமைச்சரின் ஆட்சி அது. தாத்தாவைப் பட்டாவிலிருந்து இறக்க முடியாமல் ஒருவன் தாலுகா அலுவலகப் படியில் உட்கார்ந்திருந்த அதே நேரத்தில், பக்கத்துத் தெருவில் இரண்டு நிமிடத்தில் ஒருவர் விவசாயி ஆகிக்கொண்டிருந்தார். முன்வாசலில் இத்தனை பூட்டு, கொல்லைப்புறத்தில் கதவே இல்லை. பிறகு சி.பி.சி.ஐ.டி. வந்தது, கைது நடந்தது, பணத்தைத் திரும்பப் பிடித்தார்கள். அரசு கற்ற பாடம்? முன்வாசலுக்கு இன்னும் இரண்டு பூட்டு.

எல்லாம் சரியாக இருந்து விண்ணப்பித்துவிட்டீர்கள் என்றே வைத்துக்கொள்வோம். சிறு குறு விவசாயிக்குச் சொட்டுநீருக்கு 100 சதவீத மானியம் என்று சுவரில் எழுதியிருக்கும். அரசு நிர்ணயித்த அலகுத் தொகைக்குத்தான் அந்த நூறு. அதற்கு மேலே போவதெல்லாம் உங்கள் தலையில். ஜூலையில் போனால் வழிகாட்டுதல் வரவில்லை என்பார்கள். அக்டோபரில் போனால் நிதி வரவில்லை. ஜனவரியில் போனால் இலக்கு முடிந்தது. பிப்ரவரி கடைசியில் உங்களை அவர்களே தேடி வருவார்கள், மார்ச் 31-க்குள் செலவுக் கணக்குக் காட்டவேண்டும். அப்போது வயலில் அறுப்பு நிற்கும். அறுப்பை நிறுத்திவிட்டுக் குழாய் பதியுங்கள், போட்டோ எடுக்கவேண்டும்.

அதிகாரியைக் குற்றம் சொல்லியும் பிரயோசனமில்லை, அவருக்கும் மேலே கேட்கிறார்கள். சட்டமன்றத்தில் பச்சைத் துண்டு போட்டுக்கொண்டு வேளாண்மைக்கென்று தனி பட்ஜெட் வாசிக்கிறார்கள், 2021 முதல் ஆண்டுதோறும். துண்டுக்கு அடங்கல் கேட்கிற வழக்கம் அங்கே இல்லை.

இவ்வளவு நேரம் நான் பேசியது சொந்த நிலம் உள்ளவர்களைப் பற்றி. டெல்டாவில் கோயில் நிலத்தையும் மடத்து நிலத்தையும் சென்னைக்குக் குடிபோனவர் நிலத்தையும் குத்தகைக்கு உழுகிறவர்கள் இருக்கிறார்களே, அவர்கள் இந்தக் கட்டுரையை மூடி வைத்துவிடலாம். பிரதமரின் 6,000 ரூபாய் பட்டாதாரருக்கு மட்டும்தான். குத்தகை உரிமையைப் பதிவுசெய்ய 1969-லேயே இங்கே சட்டம் போட்டாயிற்று. ஆனால் குத்தகை பெரும்பாலும் வாய்வார்த்தை. எழுத்தில் கொடுத்தால் உரிமை கோருவான் என்று நிலக்காரருக்குப் பயம். எழுதிக் கேட்டால் அடுத்த போகத்துக்கு நிலம் கிடைக்காது என்று உழுகிறவனுக்குப் பயம். ஆகவே உழாதவர் கணக்கில் நான்கு மாதத்துக்கொரு முறை 2,000 ரூபாய் விழுகிறது. உழுகிறவன் மூன்று வட்டிக்கு வாங்கி உரம் போடுகிறான். புருஷன் பெயரில் பட்டா இருக்க, நடவிலிருந்து களம் வரை பார்க்கும் பெண்ணும் இதே கணக்கில்தான் காணாமல் போகிறாள்.

மானியமே வேண்டாம், விளைந்ததை விற்றுப் பிழைத்துக்கொள்கிறேன் என்று குத்தகைக்காரன் நெல்லை அரசு கொள்முதல் நிலையத்துக்குக் கொண்டுபோகிறான். அங்கேயும் சிட்டா, அடங்கல், ஆதார், வங்கிப் புத்தகம். மழை பெய்தாலும் வெயில் அடித்தாலும் காகிதம் வரும்வரை நெல் வெளியேதான் கிடக்கும். எடை போடும்போது மூட்டைக்கு இத்தனை ரூபாய் என்று கையை நீட்டுகிறார்களே, அப்போது மட்டும் அவன் பட்டாதாரனா குத்தகைக்காரனா என்று ஒருவரும் கேட்பதில்லை.