ஒரு சொல்லுக்கு ஒரு டாலர்

அமெரிக்க ஜனாதிபதி பதவிக்கு நிற்கும் அபேட்சகர்கள் இருவரும் மேடையேறி வாதிடும் இரவில், நியூ ஜெர்சியில் தமிழர் கூடும் எந்த வீட்டுக் கூடத்தை எட்டிப் பார்த்தாலும் அந்த அன்பரைத் தரிசிக்கலாம். தொலைக்காட்சிக்கு மிகவும் அருகில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, மடியில் கட்டம் போட்ட காகிதமும் கையில் கூராகச் சீவிய பென்சிலுமாக, பக்கத்தில் யாராவது முறுக்கைக் கடித்தால்கூட முகத்தைச் சுளித்தபடி வீற்றிருப்பார். யார் ஜெயிப்பார் என்பதில் அவருக்குக் கிஞ்சித்தும் சிரத்தை கிடையாது. அது குதிரைப் பந்தயக்காரர்களின் அற்ப விவகாரம் என்பது அவர் கட்சி. எந்தச் சொல்லை எவர் எத்தனை தடவை சொல்லப்போகிறார் என்பது ஒன்றே அவருடைய தியானப் பொருள். பணம் கட்டுவதும் அதன்மேல்தான்.

விவாதங்களின் சரித்திரம் முழுவதும் அவருக்குக் கரதலப் பாடம் என்றாலும், அது நாம் அறிந்த சரித்திரமன்று. 1960-ல் சிக்காகோவில் கென்னடியும் நிக்ஸனும் முதன்முதலாகத் தொலைக்காட்சியில் எதிரெதிரே நின்றபோது நிக்ஸனின் முகம் வெளிறி வியர்த்திருந்ததை உலகம் இன்றும் பேசுகிறது. வியர்வை பேசாது என்று நம் அன்பர் அதை ஒரே வார்த்தையில் தள்ளிவிடுவார். 1992-ல் மூத்த புஷ் விவாதத்தின் நடுவே கைக்கடிகாரத்தைப் பார்த்ததும், 2020-ல் துணை ஜனாதிபதி பென்ஸின் நரைத்த தலையில் ஓர் ஈ வந்தமர்ந்து நிதானமாக இளைப்பாறியதும் அவருடைய ஏட்டில் ஏறாத சம்பவங்கள். ஆனால் 2000-ல் அல் கோர், முதியோர் ஓய்வூதிய நிதியைப் பூட்டிய பெட்டியில் வைத்துக் காப்பேன் என்று ஓயாமல் பெட்டியைப் பற்றியே பேசியதையும், 2008-ல் மெக்கெய்னும் ஒபாமாவும், மேடையில் இல்லாத ஜோ என்னும் பிளம்பரை ஒரே இரவில் இருபது தடவைக்கு மேல் பெயர் சொல்லி அழைத்ததையும் விவரிக்கும்போது அவருக்குத் தொண்டை கம்மிவிடும். 1976-ல் ஃபிலடெல்ஃபியாவில் ஒலிக்கருவி பழுதுபட்டு, ஃபோர்டும் கார்ட்டரும் 27 நிமிஷ நேரம் பேச வழியின்றி மேடையில் நின்றார்களே, அதைத்தான் அவர் நினைத்து நினைத்து மறுகுவார். ஒரு பிரஜைகூட ஒரு காசு சம்பாதிக்க முடியாமல் வீணாய்ப் போன 27 நிமிஷம் அல்லவா அது!

முன்பெல்லாம் நண்பர்கள் கூடி வீட்டுக்குள் நடத்திய இந்த வேடிக்கை இப்போது பகிரங்கமான வியாபாரமாகிவிட்டது. கால்ஷி, பாலிமார்க்கெட் முதலிய சந்தைகளில், இன்ன பேச்சாளர் இன்ன சொல்லைச் சொல்வாரா என்பதற்கே ஒப்பந்தம் விற்கிறார்கள். சொல் வந்துவிட்டால் ஒரு டாலர், வராவிட்டால் சூன்யம். 70 செண்டுக்கு விலை போகிறது என்றால், அந்தச் சொல் வருவதற்கு நூற்றுக்கு 70 பங்கு சாத்தியம் உண்டென்று சந்தை மதிப்பிடுகிறது. 2025 அக்டோபரில், காயின்பேஸ் கம்பெனியின் தலைவர் பிரையன் ஆம்ஸ்டிராங், காலாண்டுக் கணக்கைப் பற்றிய கூட்டத்தின் முடிவில், தம் கூட்டத்தில் என்னென்ன சொற்கள் வரும் என்று ஜனங்கள் பந்தயம் கட்டியிருப்பதைச் சுட்டிக்காட்டிவிட்டு, அந்தச் சொற்களில் சிலவற்றை வரிசையாக ஒப்பித்துவிட்டார். கேட்டவர்கள் சிரித்தார்கள், நம் அன்பரோ தர்மமே சாய்ந்துவிட்டதாகப் புலம்பினார். தெரிந்து சொல்வது அவர் மதத்தில் சொல்லாகாது. பேசுகிறவன் தன்னை மறந்திருக்கும் சமயத்தில், பழக்க தோஷத்தால், அது தானாக நழுவி விழவேண்டும்.

2024 செப்டம்பர் 10-ஆம் தேதி இரவு, கமலா ஹாரிஸும் டொனால்ட் டிரம்ப்பும் ஃபிலடெல்ஃபியாவில் சந்தித்த விவாதத்தை எங்கள் வீட்டுக் கூடத்தில் அவருடைய அத்தியட்சதையில் பார்த்தோம். காகிதத்தில் கட்டத்துக்கு ஒரு சொல், கட்டத்துக்கு ஒரு டாலர். சட்டதிட்டங்களையெல்லாம் அவரே வகுத்து, காகிதத்தின் பின்புறத்தில் எழுதியும் வைத்திருந்தார்: பன்மையில் வந்தாலும் செல்லும், கேள்வி கேட்கும் நிருபரின் வாயிலிருந்து வந்தால் செல்லாது, சந்தேகம் எழுந்தால் ஒளிபரப்பைப் பின்னுக்கு ஓட்டிக் கேட்டபிறகே தீர்ப்பு. எதிர்வீட்டு மாமி, 2020-ல் கட்சி மாநாட்டில் ஹாரிஸ் தம் சித்திமாரை நினைவுகூர்ந்த நாள்முதல், 'சித்தி' என்ற கட்டத்தைத் தவிர வேறெதிலும் பணம் வைக்க மாட்டேன் என்று விரதம் பூண்டவர். "நம்ம பொண்ணு, இன்னிக்குச் சொல்லாம விடமாட்டா பாருங்கோ" என்று அன்றும் ஒரு டாலரை எடுத்து வைத்தார். அன்பர் அதை அனுதாபத்துடன் வாங்கிப் போட்டுக்கொண்டார்.

முதல் கேள்வியே, நான்கு வருஷங்களுக்கு முன்பு இருந்ததைவிட ஜனங்கள் இப்போது மேலான நிலையில் இருக்கிறார்களா என்பது. 1980-ல் கிளீவ்லாண்டில் ரேகன் கேட்டு, கார்ட்டரை வீட்டுக்கு அனுப்பிய அதே கேள்வி. ஆம் என்றோ இல்லை என்றோ பதில் வரும் என்று நான் எதிர்பார்த்திருக்க, தாம் மத்தியதர வர்க்கத்துக் குழந்தையாக வளர்ந்தவர் என்று ஹாரிஸ் தொடங்கினார். அந்த வாக்கியம் முடிவதற்குள் நம் அன்பர் நாற்காலியிலிருந்து எழும்பி, "மத்தியதரம் விழுந்துடுத்து சார்! முதல் பந்துலயே!" என்று கூவிக்கொண்டு பென்சிலால் கட்டத்தை அடித்தார். கேட்ட கேள்விக்கு விடை வந்ததா என்று வினவினேன். கேள்வியா, என்ன கேள்வி என்று அவர் என்னைப் பார்த்த பார்வையில் கபடம் இல்லை. அவர் காதில் கேள்வி விழவே இல்லை.

ஒருவர் பேசும்போது மற்றவருடைய மைக்கை அணைத்துவிடுவது அன்றைய விவாதத்தின் நிபந்தனை. இதை வகுத்தவர்கள் எங்கள் வீட்டுக் கூடத்தை யோசித்துப் பார்க்கவில்லை. ஹாரிஸ் பேசிக்கொண்டிருக்கையில் திரையின் மறுபாதியில் டிரம்ப்பின் உதடுகள் அசைந்தன. 'பொய்' என்ற கட்டத்தை வைத்திருந்த அன்பருடைய மைத்துனன் உடனே உரிமை கொண்டாடினான்.

"உதடு சொல்றது நன்னாத் தெரியறதே, அத்திம்பேர்!"

"தெரிஞ்சா போறாது. காதுல விழுந்துதோ?"

தர்க்க சாஸ்திரம் பிரத்யட்சம், அனுமானம், சப்தம் முதலிய பிரமாணங்களை அடுக்குகிறது. மைத்துனன் பிரத்யட்சத்தைப் பற்றிக்கொண்டான். உதட்டைக் கொண்டு சொல்லை ஊகிப்பது வெறும் அனுமானம், அதுவும் போலி அனுமானம் என்று அன்பர் கண்டித்தார். சப்தம் ஒன்றே தமக்குப் பிரமாணம் என்று சாதித்தார். ஒளிபரப்பு பின்னுக்கு ஓடிற்று. உதடுகள் மறுபடியும் அசைந்தன. ஒலியை உச்சத்துக்கு ஏற்றினார்கள். மாடியில் உறங்கிய குழந்தை விழித்தது. சொல் மட்டும் வரவில்லை. இவ்வாறு ஒவ்வொரு தகராறுக்கும் பின்னோக்கி ஓடி ஓடி, நாங்கள் உலகத்துக்குச் சில நிமிஷங்கள் பின்தங்கிவிட்டபடியால், ஒஹையோ மாநிலத்து ஸ்பிரிங்ஃபீல்டில் குடியேறிய அந்நியர் நாயையும் பூனையையும் தின்கிறார்கள் என்று டிரம்ப் சொன்ன விஷயம், திரையில் வருமுன்பே உறவினர்களின் வாட்ஸ்அப் வாயிலாக எங்களை வந்தடைந்தது. அன்பர் முகத்தில் ஈயாடவில்லை. "நாய்க்கும் பூனைக்கும் எவன் சார் கட்டம் போட்டிருப்பான்?" என்று மட்டும் முனகினார். ஆதாரமில்லாத அந்தப் பேச்சுக்குப் பின்னர் அவ்வூர்ப் பள்ளிக்கூடங்களுக்கு வெடிகுண்டு மிரட்டல்கள் வந்து, குழந்தைகளை வெளியேற்ற நேர்ந்தது. அவரைப் பொறுத்தவரையில் அன்றைய நஷ்டம், தவறவிட்ட ஒரு கட்டம்தான்.

இருப்பினும் அவர் பக்கத்தில் நியாயமே இல்லை என்று நான் சாதிக்க மாட்டேன். ஹாரிஸ் அந்த விவாதத்துக்காகப் பிட்ஸ்பர்க் நகரத்து ஹோட்டல் ஒன்றில் நாட்கணக்காகத் தங்கி, எதிராளியாக நடிக்க ஒருவரை அமர்த்திக்கொண்டு ஒத்திகை பார்த்தவர். டிரம்ப்போ, ஒத்திகை இல்லாமலே தாம் சொன்னதையே சொல்லும் வரப்பிரசாதம் பெற்றவர். "அவா மனப்பாடம் பண்ணிண்டு வரா சார். அந்தப் பாடத்தை நான் முன்கூட்டியே படிச்சுட்டு வரேன், அவ்வளவுதானே?" என்று அன்பர் கேட்டால் மறுமொழி சொல்வது கடினம். புதிதாக ஒன்றும் பேசிவிடக் கூடாதென்று இரு கட்சியாரும் படும் பிரயாசையை, அந்தப் பென்சில் தாங்கிய மனிதரைப்போல உண்மையாக அங்கீகரித்தவர்கள் யாருமில்லை என்றுகூட எனக்குத் தோன்றுவதுண்டு.

ஆனால் மருத்துவக் காப்பீட்டு விஷயத்தில் அவரை மன்னிக்க எனக்கு மனமில்லை. வேலையிலிருந்து விலகியவன் நான்; மெடிகேர் கிடைப்பதற்கு 65 வயது நிரம்பவேண்டும்; அதுவரையில் ஒபாமாகேர் என்று ஜனங்கள் அழைக்கும் சட்டத்தின்படிதான் காப்பீடு வாங்கி மாதாமாதம் கட்டிவருகிறேன். அச்சட்டத்துக்குப் பதிலாக என்ன செய்வதாக உத்தேசம் என்று நிருபர் டிரம்ப்பைக் கேட்டபோது, அந்த 90 நிமிஷத்தில் எனக்கென்று கேட்கப்பட்ட ஒரே கேள்வி அது என்று முன்னால் நகர்ந்து உட்கார்ந்தேன். அன்பரோ, ஒபாமாவின் பெயர் இத்தனை தடவைக்கு மேல் வரும் என்று மைத்துனனோடு தனியே ஒரு டாலர் வைத்திருந்தார். ஒபாமாகேர் என்றால் அது ஒபாமா என்ற கணக்கில் சேருமா, சேராதா? சேரும் என்றார் அன்பர். மனுஷன் வேறு, மருந்து வேறு என்றான் மைத்துனன். ஒளிபரப்பைப் பின்னுக்கு ஓட்டினார்கள். பெயர் வந்தது, நிறுத்தினார்கள், விரலை மடக்கினார்கள், மறுபடியும் ஓட்டினார்கள். பொறுக்க மாட்டாமல் இருவருக்கும் ஆளுக்கொரு டாலரை என் பையிலிருந்து எடுத்துக் கொடுத்து, விவாதத்தை மேலே போகவிடுங்கள் என்று கும்பிட்டேன். அதை வாங்கிக்கொண்டு, கொள்கை நிலைநாட்டப்படவில்லையே என்று இன்னும் ஒருமுறை ஓட்டினார்கள்.

திட்டம் முழுவதும் இல்லை, திட்டத்தைப் பற்றிய கருத்துகள் மட்டும் உள்ளன என்று டிரம்ப் பதில் சொன்னதை மறுநாள் பத்திரிகையில் படித்தேன். அதற்கு முன்னதாக, விடிந்ததும் விடியாததுமாக, அன்பருக்கே போன் செய்து, "சார், ஒபாமாகேரைப் பத்திக் கடைசியில என்னதான் சொன்னார்?" என்று கேட்டிருந்தேன்.

"சொன்னார் சார், அதுல சந்தேகமே இல்லை" என்றார். "எத்தனை தடவைங்கறதுலதான் தகராறு."