ஈக்கு நேர்ந்த கதி

1400இல் ஜெஃப்ரி சாசர் கண்ணை மூடினார். அவர் காலத்து இங்கிலாந்தில் 'டைம்' என்று யாரும் சொன்னதில்லை, 'டீம' என்றார்கள். வீடு 'ஹூஸ்', எலி 'மூஸ்', பெயர் 'நாம'. எழுத்தில் இருந்ததைத்தான் வாயும் சொன்னது. கவிஞர் போனதும் ஆரம்பித்தது கலாட்டா. அடுத்த 300 வருடம் ஆங்கில நெடில்கள் ஒன்றுகூட இருந்த இடத்தில் இருக்கவில்லை.

வாயை ஒரு டவுன் பஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள். நாக்கு கீழே கிடந்தால் 'ஆ', எழும்பினால் 'ஏ', அண்ணத்தை நெருங்கினால் 'ஈ'. பின்பக்கம் அதே மாதிரி 'ஓ', அதற்கும் மேலே 'ஊ'. திடீரென்று எல்லாரும் ஒரு படி மேலே ஏறினார்கள். 'ஃபேட்' என்றிருந்த பாதம் 'ஃபீட்' ஆனது, 'மோன்' என்றிருந்த நிலா 'மூன்' ஆனது. உச்சியில் இருந்த ஈயும் ஊவும் எங்கே போகும்? கூரை இடித்தது. இரண்டும் ஆளுக்கு இரண்டாகப் பிளந்தன. ஈ உடைந்து 'டைம்' வந்தது, ஊ உடைந்து 'ஹவுஸ்' வந்தது. அகரமும் இகரமும் சேர்ந்தால் ஐ போல, அகரமும் உகரமும் சேர்ந்தால் ஔ போல ஒலிக்கும் என்று தொல்காப்பியர் எப்போதோ எழுதி வைத்துவிட்டார். அங்கே யாரும் படிக்கவில்லை போலிருக்கிறது.

முதலில் நகர்ந்தது யார்? மேலே இருந்தவர்கள் இடத்தைக் காலி செய்ததால்தான் மற்றவர்கள் ஏறினார்கள் என்றார் டென்மார்க்காரர் ஜெஸ்பெர்சன். இல்லை, கீழே இருந்தவர்கள் முட்டித் தள்ளினார்கள் என்றார் ஆஸ்திரியாக்காரர் லூயிக். என் ஓட்டு லூயிக்குக்கு. வடக்கே ஓ முன்னாடியே வேறு பக்கம் நகர்ந்துவிட்டது. அங்கே ஊவைத் தள்ள ஆளில்லை. அதனால்தான் ஸ்காட்லாந்தில் இன்றைக்கும் 'ஹூஸ்', 'மூஸ்' என்று நிம்மதியாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

இந்தத் தள்ளுமுள்ளுக்கு நடுவில், 1476இல், வில்லியம் காக்ஸ்டன் வெஸ்ட்மின்ஸ்டரில் அச்சகம் போட்டார். நல்ல மனிதர், நேரம்தான் சரியில்லை. வாய் மாறிக்கொண்டே இருக்க, அச்சுக்கோர்ப்பவர்கள் பழைய ஸ்பெல்லிங்கையே கோர்த்துக்கொண்டிருந்தார்கள். ஈ ஈயத்தில் மாட்டிக்கொண்டது.

1569இல் ஜான் ஹார்ட் என்ற அரசாங்க அதிகாரி பொறுமை இழந்து, பேசுகிறபடி எழுதுங்களய்யா என்று ஒரு புத்தகமே போட்டார். உடைந்த ஈ தன் காலத்தில் 'எய்' மாதிரி ஒலித்ததை அதில் ஒழுங்காகக் குறித்தும் வைத்தார். ஒருவரும் கேட்கவில்லை. ஆனால் செத்துப்போன உச்சரிப்பை இன்று ஆராய்கிறவர்களுக்கு அவர்தான் முக்கிய சாட்சி.

'நாம' என்ன ஆனது? மெல்ல ஏறி 'நேம்' என்று உட்கார்ந்தது. 1750 வாக்கில் லண்டன் கனவான்கள் அப்படித்தான் சொன்னார்கள். 1800ஐ ஒட்டி அதற்கும் வால் முளைத்து 'நெய்ம்' ஆயிற்று. இன்று ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பில் நம் 'நேமை' நெய்ம், நெய்ம் என்று திருத்துகிறார்கள். கனவான்கள் நம்மிடமிருந்து கற்றுக்கொண்டார்கள் என்று யாரும் கிளப்பிவிட வேண்டாம். நம்மிடம் நெடில் ஏ இருக்கிறது, அவ்வளவுதான்.

ஏறாமல் அடம்பிடித்தவர்களும் உண்டு. 'சீ', 'மீட்' எல்லாம் ஏகாரத்திலிருந்து ஈகாரத்துக்குப் போய்விட்டன. அதே ஸ்பெல்லிங் கும்பலைச் சேர்ந்த 'கிரேட்', 'பிரேக்', 'ஸ்டேக்' மூன்றும் வர மறுத்தன. காரணம் கேட்டால் அறிஞர்கள் தொண்டையைக் கனைக்கிறார்கள்.

கலாட்டா இன்னும் அடங்கவில்லை. கிழக்கு லண்டன் காக்னிக்காரர்களிடமும் ஆஸ்திரேலியாவிலும் 'எய்' நழுவி 'ஐ' பக்கம் போய்க்கொண்டிருக்கிறது. சிட்னியில் இறங்கியதும் யாராவது உங்களைப் பார்த்து 'டு டை' என்றால் பதறாதீர்கள். இன்றைக்கு என்கிறார்.