இரண்டு நிமிட அவகாசம்

அமெரிக்காவின் அலபாமா மாநில அதிகாரிகளைக் குறை சொல்லாதீர்கள். கறுப்பர்களுக்கு ஓட்டுரிமை கிடையாது என்றா சொன்னார்கள்? அதைத்தான் 1870இலேயே அரசியல் சாசனத்தின் 15ஆவது திருத்தம் கொடுத்துவிட்டதே! பெயரைப் பதிந்துகொள்ள வேண்டும், அவ்வளவுதான். 1965 வாக்கில் அங்கே செல்மா நகரில் பதிவு அலுவலகம் மாதத்துக்கு இரண்டே நாள் திறக்கும். நாளெல்லாம் வரிசையில் நின்று உள்ளே போனால் பரீட்சை. சாசனத்தைப் பற்றிக் கேள்வி. பதில் சரியா என்று தீர்ப்பு சொல்வது மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கும் வெள்ளைக்காரர். அவர் சாசனத்தைப் படித்தவரா என்று கேட்க விண்ணப்பத்தில் கட்டம் இல்லை. பள்ளிக்கூட வாத்தியார்களே தேறவில்லை, போங்கள்! செல்மா இருக்கும் டல்லஸ் கவுண்டியில் ஓட்டுப்போடும் வயதுக் கறுப்பர்கள் சுமார் 15,000 பேர். 1965 தொடக்கத்தில் பட்டியலில் இருந்தவர்கள் 300 சொச்சம்.

கூடிப் பேசலாமே என்றால், உரிமை இயக்கத்தின் பெயரில் மூன்று பேர் கூடினாலே குற்றம் என்று நீதிபதி ஜேம்ஸ் ஹேர் தடை போட்டிருந்தார். ஷெரிப் ஜிம் கிளார்க் ஒளிவுமறைவு இல்லாதவர். 'ஒருபோதும் நடக்காது' என்ற பேட்ஜைச் சட்டையில் குத்திக்கொண்டுதான் வேலைக்கு வருவார்.

பிப்ரவரி 18 இரவு, பக்கத்து ஊரான மரியனில், ஊர்வலத்தைப் போலீஸ் அடித்துக் கலைத்தபோது, தாயைக் காக்கப் பாய்ந்த ஜிம்மி லீ ஜாக்சனை மாநிலப் போலீஸ்காரர் சுட்டார். எட்டாம் நாள் ஜாக்சன் செத்தார். பெயர் பதியப் பலமுறை போய் வெறுங்கையோடு திரும்பியவர்; வயது 26.

மார்ச் 7, ஞாயிறு. அந்தச் சாவுக்கும் ஓட்டுரிமைக்கும் நியாயம் கேட்க, செல்மாவிலிருந்து மாநிலத் தலைநகர் மான்ட்கோமரிக்கு நடந்தே போக சுமார் 600 பேர் கிளம்பினார்கள். தாண்ட வேண்டிய பாலத்துக்கு எட்மண்ட் பெட்டஸ் பெயர். அடிமை முறையைக் காக்கப் போரிட்ட தளபதி! அக்கரையில் போலீஸ் படை. கலைந்துபோக இரண்டு நிமிடம் என்றார் அதிகாரி. 95 வருஷம் காக்கவைத்த அரசாங்கத்துக்கு அந்த இரண்டு நிமிடம் பொறுக்கவில்லை. தடி, கண்ணீர்ப்புகை, குதிரை. ஊர்வலத்தின் முன்னால் நடந்த ஜான் லூயிஸின் மண்டை உடைந்தது. கூட நடந்த அமீலியா பாய்ன்டன் நினைவு தப்பிச் சாலையில் கிடந்தார்.

அன்றிரவு ஏபிசி தொலைக்காட்சியில் நாஜிகளைக் கூண்டிலேற்றும் படம். அதை நடுவில் நிறுத்திப் பாலத்தைக் காட்டினார்கள். அடுத்த நாட்டு அக்கிரமத்துக்காக உருகிக்கொண்டிருந்தவர்களுக்கு எவ்வளவு இடைஞ்சல்!

ஆகஸ்ட் 6இல் வாக்குரிமைச் சட்டம் வந்தது. அடுத்த வருஷமே தேர்தலில் கிளார்க்குக்கு ஆபத்து. கறுப்பர் பகுதிப் பெட்டிகளில் முறைகேடு, எண்ணக் கூடாது என்று அவருடைய கட்சிக் கமிட்டி ஒதுக்கிவைத்தது. வாக்குச்சீட்டின் புனிதம் அன்றைக்குத்தான் நினைவுக்கு வந்ததுபோல! நீதிமன்றம் எண்ணவைத்தது, கிளார்க் தோற்றார்.

ஜாக்சனைச் சுட்ட ஜேம்ஸ் பவுலர்? 2010இல் குற்றத்தை ஒப்புக்கொண்டார். ஆறு மாதச் சிறை. ஐந்தாவது மாதமே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள், உடம்புக்கு முடியவில்லையாம்.