தம்பி வக்கீலுக்குப் படிக்கிறான்

வக்கீலுக்குப் படிக்கும் பையன் இருக்கிற வீட்டில் செமஸ்டர் தொடங்கிய மாதம் யாரும் வாய்விட்டு எதையும் சொல்வதில்லை. சொன்னால் அது வாய்மொழி ஒப்பந்தம் ஆகிவிடும்.

செமஸ்டர் முடிகிற சமயத்தில் அவன் பரம சாது. ஜெராக்ஸ் நோட்ஸும் தூக்கமில்லாத கண்ணுமாக யார் வம்புக்கும் போகமாட்டான். தொடக்கம்தான் ஆபத்து. அப்போது ஒவ்வொரு பாடத்திலும் ஒரே ஒரு அத்தியாயம் நடந்திருக்கும். ஒரே அத்தியாயம் தெரிந்தவனின் தைரியம் முழுப் புத்தகம் படித்தவனுக்கு வராது.

முதலில் மாட்டுவது அம்மா. "மாவு மில்லுக்குப் போயிட்டு வாடா, சாயந்திரம் பஜ்ஜி போடறேன்" என்று வாய் தவறிச் சொல்லிவிடுகிறார்.

"இது ஆஃபர்மா. நான் போயிட்டு வந்துட்டா அக்செப்டன்ஸ். அப்புறம் பஜ்ஜி இல்லேன்னா ஒப்பந்த மீறல்."

"கடலை மாவு தீந்துபோச்சுடா."

"அப்படின்னா 1872ஆம் வருஷச் சட்டத்துல பிரிவு 56க்குள்ள வருதான்னு பாக்கணும். நிறைவேத்தவே முடியாத ஒப்பந்தம் செல்லாது. ஆனா நாடார் கடை திறந்துதானே இருக்கு?"

அம்மா கரண்டியோடு எழுந்து வர, வாதம் தேதி குறிப்பிடாமல் ஒத்திவைக்கப்படுகிறது.

அடுத்த வாரம் கல்லூரியில் பால்ஃபோர் வழக்கு நடத்துகிறார்கள். 1919இல் இங்கிலாந்தில் முடிந்தது. மனைவிக்கு மாதம் 30 பவுண்டு தருவதாகச் சொன்ன கணவர் பிறகு நிறுத்திக்கொள்ள, வீட்டுக்குள் கொடுத்துக்கொள்ளும் இப்படிப்பட்ட வாக்கெல்லாம் சட்டப்படியான ஒப்பந்தம் ஆகாது என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. அப்பா பைக் வாங்கித் தருவதாகச் சொல்லியிருப்பது அப்போது தம்பிக்கு ஞாபகம் வருகிறது. அந்த வாரம் முழுக்க அவன் வீட்டில் சட்டம் பேசுவதே இல்லை.

பிறகு டார்ட்ஸ் பாடம். 1932இல் தீர்ப்பான டோனோஹ்யூ வழக்கில், ஸ்காட்லாந்தில் ஒரு பெண்மணி பாதி குடித்த ஜிஞ்சர் பீர் பாட்டிலில் அழுகிய நத்தை கிடந்ததாகப் புகார். உள்ளே இருப்பது தெரியாத கறுத்த பாட்டில். பொருளைக் கடைசியில் யார் குடிக்கிறாரோ அவருக்குத் தயாரித்தவர் பொறுப்பு என்ற கொள்கை அதில்தான் நிலைபெற்றது. நத்தை நிஜமாகவே இருந்ததா என்பது மட்டும் கடைசிவரை நிரூபணமாகவில்லை. இதைப் படித்ததிலிருந்து தம்பி பெட்டிக்கடையில் சோடாவை வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்காமல் குடிப்பதில்லை. "என்ன தம்பி தேடறீங்க, உள்ள கோலிதான் இருக்கு" என்கிறார் கடைக்காரர்.

டீக்கடையில் நிலைமை இன்னும் மோசம். யாரோ ஒரு பெரியவர் வயிற்றெரிச்சலில் "அந்தச் சீட்டுக்காரன் சரியான 420" என்று சொல்லிவிட்டால் போதும்.

"ஐயா, 420 இப்ப கிடையாது. 2024 ஜூலை ஒண்ணாந்தேதியிலேருந்து பாரதிய நியாய சன்ஹிதா. அதுல மொத்தமே 358 பிரிவுதான். அவன் இனிமே 318, உட்பிரிவு நாலு."

"நம்பரைக் கொறச்சுட்டா என் பணம் வந்துருமா தம்பி?"

"எப்ப ஏமாத்தினான்?"

"அது ஆச்சு, அஞ்சாறு வருஷம்."

"அப்ப 420தான்."

இதில் தம்பியைக் கேலி செய்வது நியாயமில்லை. கொலைக்கு இருந்த 302 இப்போது 103 ஆகிவிட்டது. புதிய சட்டத்தில் 302க்குப் போனால் மத உணர்வைப் புண்படுத்தும் பேச்சு உட்கார்ந்திருக்கிறது. பழைய குற்றங்களுக்குப் பழைய எண், புதியவற்றுக்குப் புதிய எண் என்று இரண்டையும் மனப்பாடம் செய்ய வேண்டிய தலைமுறை இது. சீனியரிடம் பாதி விலைக்கு வாங்கிய ஐபிசி புத்தகத்தைத் தூக்கிப் போடவும் முடியாது, அதை மட்டும் நம்பவும் முடியாது.

படிப்பது பெண்ணாக இருந்தால் வீட்டில் விளைவே வேறு. மகளுக்கும் பூர்வீகச் சொத்தில் மகனைப் போலவே பங்கு என்று தமிழ்நாட்டில் 1989இலும் நாடு முழுக்க 2005இலும் திருத்தம் வந்ததைப் படித்துவிட்டு அவள் சாப்பாட்டு மேசையில் சாதாரணமாகச் சொல்லிவைக்கிறாள். மறுநாளிலிருந்து அண்ணன் குரலில் ஒரு தனி மரியாதை.

வருகைப் பதிவு 70 சதவீதம் வேண்டும் என்பது பார் கவுன்சில் விதி. தம்பி ஒரு காற்புள்ளியும் விடாமல் படித்த சட்டம் இது ஒன்றுதான். எல்லாம் சந்து கிடைக்குமா என்ற ஆராய்ச்சி.

அவனை அடக்குகிற ஒரே ஆள் பெரியப்பா. கல்யாணப் பந்தியில் பக்கத்து இலையில் வந்து உட்காருகிறார். "வக்கீலுக்குப் படிக்கிறியாமே? நம்ம வரப்புத் தகராறு ஒண்ணு இருக்கு."

தம்பி நிமிர்ந்து உட்காருகிறான். "தாய்ப்பத்திரம் இருக்கா பெரியப்பா? வில்லங்கம் போட்டுப் பாத்தீங்களா?"

"அதெல்லாம் உங்கப்பன் கல்யாணத்துக்கு முன்னாடியே பாத்தாச்சு. முன்சீப் கோர்ட்டுல நமக்கு டிகிரி ஆச்சு, சப் கோர்ட்டுல கவுந்துருச்சு, இப்ப ஹைகோர்ட்டுல செகண்ட் அப்பீல். பிரிவு 100ல முக்கியமான சட்டப் பிரச்சினை காட்டினாத்தான் எடுப்பாங்களாம். நீ என்ன சொல்றே?"

"சிவில் புரொசிஜர் எங்களுக்கு இன்னும் வரலை பெரியப்பா."

பாயசம் வருவதற்குள் வாய்தா, ஸ்டே, நகல் மனு என்று பெரியப்பா பாதிப் பாடத்தை நடத்தி முடித்துவிடுகிறார். எந்தப் பேராசிரியரும் அவ்வளவு வேகத்தில் நடத்தியதில்லை. பீஸும் வாங்கவில்லை.

உங்கள் தெருவிலும் இப்படி ஒரு தம்பி இருப்பான். சட்ட சந்தேகம் ஏதாவது இருந்தால் செமஸ்டர் தொடக்கத்தில் கேட்காதீர்கள், மூன்று வழக்கும் ஆறு பிரிவும் சொல்லி உங்களைக் கோர்ட்டு வாசல்வரை கொண்டுபோய் விட்டுவிடுவான். பரீட்சைக்கு ஒரு வாரம் இருக்கும்போது கேளுங்கள். "எதுக்கும் ஒரு நல்ல வக்கீலைப் பாருங்கண்ணே" என்பான். அந்த செமஸ்டரில் அவன் சொன்னதிலேயே சரியான ஆலோசனை அதுதான்.