64 பேர் ஊரின் பொது ஆவணம்

டெக்சஸின் லவிங் கவுண்டியில் 2020 கணக்கெடுப்பின்படி மொத்தம் 64 பேர். நிலப் பத்திரமோ கிரிமினல் வழக்கோ, கவுண்டியின் தலைமையிடமான மென்டோனில் ஒரே கிளார்க்கைத்தான் கேட்க வேண்டும். பெரும்பாலானவை பொது ஆவணங்கள். அந்தப் பொட்டல்வெளி வரை போகத் தெம்பிருந்தால் போதும். சாதாரண நகல் பக்கத்துக்கு 1 டாலர். ஊர்க்காரருக்கு நகலே வேண்டாம். வழக்கு பதிவாகுமுன்பே சேதி வந்துவிடும். “அந்தத் தூரம்தானே அந்தரங்கத்துக்குக் காவல்?” என்பார்கள் சிலர். ஊர் ஊராகச் சிதறிய ஏடுகளும் கணினியில் திரட்டிய குற்றப் பட்டியலும் ஒன்றல்ல என்று 1989-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றமே சொன்னது. நியாயம்தான். ஆனால் மொத்தமாக வாங்கிச் சில்லறையில் விற்கும் தரவு வியாபாரிக்குத் தூரம் ஒரு பொருட்டா? தன் பழைய வழக்கு தள்ளுபடியானதற்குச் சான்று தேடுகிற ஏழையைத்தான் அந்தக் காவல் வாசலிலேயே மறிக்கிறது.