கைமணக் கோட்பாடு: காவிரியின் இரு கரை அடுப்புகள் குறித்து ஓர் ஆய்வு

முன்னுரை: வீட்டுச் சமையல் உசத்தியா, தொழில்முறைச் சமையல் உசத்தியா என்ற வினாவுக்கு அறிஞர் உலகம் இன்னும் விடை காணவில்லை. சாப்பிட்டதும் அறிஞர்கள் தூங்கிவிடுவதே காரணம். இக்குறையைப் போக்கத் திருச்சியும் ஸ்ரீரங்கமும் ஆய்வுக் களங்களாகக் கொள்ளப்பட்டன.

சான்று 1, கொழுக்கட்டை: விநாயகர் சதுர்த்தியன்று மலைக்கோட்டையில் உச்சிப் பிள்ளையாருக்கு 75 கிலோ, அடிவாரத்து மாணிக்க விநாயகருக்கு 75 கிலோ என இரண்டே கொழுக்கட்டைகள் படைக்கப்படுகின்றன. மேலே போவதைத் துணியில் தொட்டில்போல் கட்டித் தூக்கிச் செல்கிறார்கள். அன்றே வீட்டில் 21 கொழுக்கட்டை பிடிப்பவருக்கு விரிசல் அபாயமும் 21. ஒரு சொப்பு விரிந்து பூர்ணம் எட்டிப் பார்த்தால், பின்னாலேயே மாமியாரும் எட்டிப் பார்ப்பார். எடையில் மலைக்கோட்டையும் இடரில் வீடும் வெல்கின்றன.

சான்று 2, உப்பு: ஸ்ரீரங்கத்தில் அரங்கன் மடைப்பள்ளியில் தளிகை மண்பானையில் ஆகிறது. காரத்துக்கு மிளகுதான், மிளகாய்க்கு அனுமதியில்லை. நிவேதனம் ஆகும்வரை யாரும் ருசி பார்ப்பதுமில்லை. வீட்டிலோ சாம்பாரை உள்ளங்கையில் விட்டு மூன்று முறை நக்கிப் பார்த்தும் உப்பு கூடிவிடுகிறது. ருசி பார்ப்பதால்தான் உப்பு கூடுகிறது என்று ஒரு சாரார் துணிவர். பெருமாள் குறை சொல்வதில்லை என்பது எம் துணிபு.

சான்று 3, ஆள்பலம்: கல்யாண மாஸ்டர் எழுதித் தரும் பட்டியலோடு பெண் வீட்டார் காந்தி மார்க்கெட்டுக்கு ஓடுகிறார்கள். நறுக்க ஓர் ஆள், துருவ ஓர் ஆள், கிளற ஓர் ஆள். வீட்டில் இம்மூவரும் ஒருவரே. கேஸ் தீர்ந்தால் புக் செய்பவரும் அவரே. ஒரே முருங்கைக்காய் இருக்கையில் நாலு விருந்தாளிகள் வந்து நின்றால், சாம்பார் ரசமாக நீள்கிறது. இக்கட்டத்தில் கல்யாண மாஸ்டரை நிறுத்திப் பார்க்க ஆய்வாளருக்குத் துணிவில்லை.

சான்று 4, அங்கீகாரம்: திருச்சியை அடுத்த துவாக்குடியில் அரசு ஓட்டல் மேலாண்மைக் கல்வி நிறுவனம் இருக்கிறது. படித்துத் தேறினால் சான்றிதழ் உண்டு. வீட்டில் முப்பது வருஷம் சமைத்தவருக்குக் கிடைக்கும் அதிகபட்சப் பட்டம் ‘பரவாயில்லை’. அதுவும் டிவியிலிருந்து கண்ணெடுக்காமல் வழங்கப்படுகிறது.

முடிவுரை: கைமணத்தில் இரு தரப்பும் சமம். வேறுபாடு உண்பவரிடம் இருக்கிறது: தொழில்முறைச் சமையலை உண்பவர் காசு கொடுத்துவிட்டுப் பாராட்டுகிறார், வீட்டுச் சமையலை உண்பவர் காசும் கொடாமல் குறை சொல்கிறார்.

பரிந்துரை: இன்றிரவு ரசத்தில் குறை காண விரும்பும் வாசகர், நாளைய ரசத்தைத் தாமே வைப்பதாக முதலில் எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுக்கவும்.